பவாசீர்: சூட்டுக்கோல் முதல் இறப்பர் வளையம் வரை

ஸஹீஹுல் புகாரியில், தொழுகையைச் சுருக்குவது பற்றிய அத்தியாயத்தில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அதன் பிற்பகுதி நம்மில் ஓதியவருக்கும் ஓதாதவருக்கும் தெரியும். நின்று தொழ வேண்டும், நிற்க முடியாதவர் இருந்து தொழலாம், அதற்கும் முடியாதவர் விலாப்புறமாகச் சாய்ந்து தொழலாம் என்பது அதன் கருத்து. பள்ளிவாசல்களின் ஓரத்தில் இன்று கதிரைகள் வரிசையாகக் கிடப்பதற்கும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே ஒருவர் தக்பீர் கட்டுவதற்கும் அந்தச் சில சொற்களே ஆதாரம்.

ஹதீஸின் முற்பகுதியோ பயான்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. கேட்டவர் இம்ரான் பின் ஹுஸைன் (ரழி). கைபர் நடந்த ஆண்டில் இஸ்லாத்துக்கு வந்தவர். பின்னர் உமர் (ரழி) அவர்களால் பஸறா மக்களுக்கு மார்க்கம் கற்பிக்க அனுப்பப்பட்டவர். ஹிஜ்ரி 52இல் அங்கேயே வபாத்தானவர். தனக்குப் பவாசீர் இருந்தது என்றும், அதனால்தான் தொழுகையைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டேன் என்றும் அவரே அறிவிக்கிறார். மூல வருத்தம் வந்த ஒரு மனிதர் வெட்கத்தை விட்டுக் கேட்டார். அந்தக் கேள்வியால், உலகம் முடியும்வரை வரப்போகும் நோயாளிகள் எல்லோருக்கும் ஒரு சலுகை கிடைத்தது.

தமிழ் படித்து, தமிழ் படிப்பிக்கும் எனக்கு வைத்தியத்தில் பாண்டித்தியம் கிடையாது. சொற்களின் பின்னால் போகும் பழக்கம் மட்டும் உண்டு. பவாசீர் என்ற சொல்லின் பின்னால் போனபோது கிடைத்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். அந்தத் தேடலில், வைத்திய முறைகளின் வரலாற்றோடு சேர்ந்து, கேட்டவர்களின் வரலாறும் மறைத்தவர்களின் வரலாறும் கண்ணில் பட்டன.

ஒரு நோய், பல பெயர்கள்

அரபியில் பாஸூர் என்பது ஒருமை, பவாசீர் பன்மை. கிரேக்கர் இந்நோய்க்கு 'இரத்தம் ஒழுகுவது' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். ஆங்கிலத்தில் வழங்கும் பைல்ஸ் என்ற சொல், பந்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வடமொழியில் அர்சஸ், எதிரியைப் போல உயிரை வதைப்பது என்று ஆயுர்வேத ஆசிரியர்கள் அதற்கு விளக்கம் சொல்வார்கள். சிங்களத்திலும் அதே சொல்தான். நம் நாட்டு பஸ் நிலையச் சுவர்களில் 'அர்ஷஸ்' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பதை யாரும் பார்க்காமல் இருக்க முடியாது.

ஆக, ஒருவர் இரத்தத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார், ஒருவர் வடிவத்தைப் பார்த்தார், ஒருவர் வேதனையைப் பார்த்தார். தமிழர் வைத்த பெயர் மூலம். மூலம் என்றால் அடி, வேர். மூலாதாரம் இருக்கும் இடத்தில் வரும் நோய் என்பதால் அந்தப் பெயர். நோயின் குணம் எதையும் சொல்லாமல், இடத்தையும் நேரே சொல்லாமல், 'அடி' என்று மட்டும் சொல்லி நிறுத்திய பெயர் இது. இலக்கணத்தில் இடக்கரடக்கல் என்று படிப்பிப்போமே, அதற்கு நல்ல உதாரணமாக இதையும் காட்டலாம் போலத் தோன்றுகிறது. ஆனால் பெயரில் அடக்கம் காட்டியவர்கள் ஆராய்ச்சியில் அடக்கம் காட்டவில்லை. யூகி வைத்திய சிந்தாமணி மூலத்தை 21 வகையாகப் பிரிக்கிறது. துத்தி இலையும் கருணைக்கிழங்கும் சித்த வைத்தியத்தில் மூலத்துக்கென்றே பெயர் பெற்றவை.

சூட்டுக்கோலின் காலம்

எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகள் எகிப்தில் உள்ளன. ஏறத்தாழ கி.மு. 1200ஐச் சேர்ந்த ஒரு பபைரஸ் சுருள், கீழ்வாய் நோய்களுக்கான மருந்துகளுக்கென்றே எழுதப்பட்டது. இன்று அது செஸ்டர் பீட்டி என்பவரின் பெயரால் அழைக்கப்படுகிறது.

கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸின் பெயரில் வழங்கும் நூல்களில் ஒன்று முழுக்க மூல நோயைப் பற்றியது. அதில் சொல்லப்படும் முறையை வாசிக்கவே மனசு பதறும். ஒரு சாண் நீளமான ஏழெட்டு இரும்புக் கோல்களைப் பழுக்கக் காய்ச்ச வேண்டும். ஆட்கள் நோயாளியின் தலையையும் கைகளையும் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மூல முளைகளை வெளியே தள்ளி, ஒன்றும் மிச்சமில்லாமல் சுட்டுக் கருக்க வேண்டும். நோயாளி கத்தினால் கத்தட்டும், கத்தும்போதுதான் முளை நன்றாக வெளியே வரும் என்கிறது நூல். கம்பளி நூலால் இறுகக் கட்டி விழச்செய்யும் முறையும் அதே தொகுதியில் இருக்கிறது.

இதற்கு மாறான ஒரு கருத்தும் அந்த மரபிலேயே உண்டு. நாட்பட்ட மூலத்தைக் குணப்படுத்தும்போது ஒரு முளையையாவது விட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர்க்கோவையோ சயரோகமோ வரலாம் என்று ஹிப்போகிரட்டீஸ் மரபின் முதுமொழிகளில் வருகிறது. உடம்பில் தேங்கிய கரும்பித்தம் அந்த இரத்தத்தோடு வெளியேறுகிறது என்று பின்வந்த கெலன் மரபினர் நம்பினார்கள். இந்த நம்பிக்கை அரபு வைத்திய நூல்களுக்கும் வந்து சேர்ந்தது. 'கெட்ட இரத்தம்தானே, போகட்டும்' என்று நம் பெரியவர்கள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய கிரேக்க வைத்தியர்களின் ஞாபகம்தான் வருகிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட தவறு ஒன்று இன்னும் நம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

சுஸ்ருதர் சொன்ன நான்கு வழி

இந்தியாவில் சுஸ்ருத ஸம்ஹிதை இந்நோய்க்கு நான்கு வழிகளை வரிசைப்படுத்துகிறது: மருந்து, காரம், நெருப்பு, கத்தி. நோய் புதிதாய், இலேசாய் இருந்தால் மருந்து போதும். மிருதுவான, பரந்து உயர்ந்த முளைக்குக் காரம். கரடுமுரடாய், கெட்டியாய் இருப்பதற்கு நெருப்பு. காம்பு மெலிந்து, நீர் கசியும் முளைக்குக் கத்தி. உள்ளே பார்ப்பதற்குப் பசுவின் முலைக்காம்பு போன்ற வடிவில் ஒரு குழல் கருவியும் வர்ணிக்கப்படுகிறது. இன்று கிளினிக்கில் டொக்டர் கையில் எடுக்கும் குழாய்க் கருவிக்கு அதை மூதாதை என்று சொல்லலாம். எல்லா நோயாளிக்கும் ஒரே வைத்தியம் கிடையாது, நோயின் நிலையைப் பார்த்துத்தான் வழியைத் தெரிய வேண்டும் என்ற அந்த அறிவு இன்றுவரை மாறவில்லை.

காரமும் நூலும் சேர்ந்த ஒரு முறையும் அங்கே வளர்ந்தது. கள்ளிப்பால், நாயுருவிச் சாம்பலின் உப்பு, மஞ்சள் ஆகியவற்றை நூலில் மீண்டும் மீண்டும் பூசிக் காயவைத்து, அந்த நூலால் கட்டுவது. க்ஷாரசூத்திரம் என்பது அதன் பெயர். வழக்கொழிந்துகொண்டிருந்த இம்முறையை 1960களில் பனாரஸ் ஹிந்துப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் ஆராய்ந்து எடுத்தார்கள். பவுத்திரத்துக்கு இன்றும் இது பெயர் பெற்ற வைத்தியம்.

இந்த அறிவு இந்தியாவோடு நிற்கவில்லை. ஹாரூன் அர்ரஷீதின் காலத்தில், பர்மகிக் குடும்பத்து அமைச்சர் யஹ்யா பின் காலித், மன்கா என்ற இந்திய வைத்தியரைக் கொண்டு சுஸ்ருதரின் நூலை அரபிக்கு மாற்றச் செய்தார். கி.பி. 987இல் தன் நூற்பட்டியலை எழுதிய இப்னு அந்நதீம் இதைப் பதிவு செய்திருக்கிறார். 850இல் அலீ பின் ஸஹ்ல் அத்தபரீ எழுதி முடித்த பிர்தௌஸுல் ஹிக்மா, இந்திய வைத்தியத்துக்கென்றே தனிப் பகுதி ஒன்றை ஒதுக்கியது. யூனானி வைத்தியர்கள் மூலத்துக்குக் கொடுக்கும் 'இத்ரீபல்' என்ற லேகிய வகையின் பெயரைப் பாருங்கள். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த நம்முடைய திரிபலாதான் அரபு நாட்டுக்குப் போய், அரபு உடுப்புப் போட்டுக்கொண்டு, இத்ரீபலாக நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது.

கடைசி மருந்து

அரபு மண்ணில் சூடு போடுவது இஸ்லாத்துக்கு முன்பே இருந்த வழக்கம். நிவாரணம் தேன், இரத்தம் குத்தி எடுத்தல், சூடு ஆகிய மூன்றில் இருக்கிறது என்று சொன்ன நபி (ஸல்) அவர்கள், சூடு போடுவதைத் தம் சமூகத்துக்கு விரும்பவில்லை. மருந்துகளில் கடைசி மருந்து சூடு என்பது அரபிகளின் பழமொழி. அறிஞர்கள் பலர் இந்த இரண்டையும் சேர்த்து, வேறு வழி இருக்கும்போது நெருப்பிடம் போகக்கூடாது என்று விளங்கினார்கள்.

இந்த இடத்தில் மீண்டும் இம்ரான் (ரழி) வருகிறார். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஓர் அறிவிப்பின்படி, தமக்கு ஸலாம் சொல்லப்பட்டு வந்ததாகவும், சூடு போட்டபோது அது நின்றதாகவும், சூட்டை விட்டபோது மீண்டதாகவும் அவர் சொல்கிறார். இமாம் நவவீ (ரஹ்) இதற்கு விளக்கம் எழுதும்போது, அவருக்குப் பவாசீர் இருந்தது, அதன் வேதனையைப் பொறுத்திருந்தார், மலக்குகள் அவருக்கு ஸலாம் சொல்லிவந்தார்கள் என்கிறார். பெரும்பாலும் ஆன்மீகச் சிறப்பாகவே நாம் வாசிக்கும் செய்தி இது. ஒரு நோயாளியின் சரித்திரமாகவும் அதை வாசிக்கலாம். பொறுத்தார், கேட்டார், தாங்க முடியாமல் சூட்டுக்கும் போனார், அதை விட்டார். எதையும் மறைக்காமல் மாணவரிடம் சொல்லியும் வைத்தார். அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

குர்துபாவின் இருவர்

குர்துபா நகரத்தோடு தொடர்புடைய இரண்டு வைத்தியர்கள் இவ்வரலாற்றில் எதிரெதிராக நிற்கிறார்கள். ஒருவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (936-1013). அவருடைய அத்தஸ்ரீபின் முப்பதாவது பாகம் சத்திரசிகிச்சைக்கானது. கருவிகளின் படங்களோடு எழுதப்பட்டது. முளையைப் பிடித்திழுத்து வெட்டுவதையும், இரத்தம் நிற்காவிட்டால் சுடுவதையும் அவர் விளக்குகிறார். கத்திக்குப் பயந்தவருக்கு ஊசியில் நூல் கோத்து முளையைக் கட்டும் முறையையும் சொல்கிறார். எல்லாவற்றையும் கட்டும்போது ஒன்றை மட்டும் கட்டாமல் விடச் சொல்வது பழைய கிரேக்க எச்சம். 12ஆம் நூற்றாண்டில் தொலைதோவில் ஜெரார்ட் என்பவர் இதை இலத்தீனுக்கு மாற்றியபின், ஐரோப்பியச் சத்திர வைத்தியர்கள் பல நூற்றாண்டுகள் அதைக் கையில் வைத்திருந்தார்கள்.

மற்றவர் மூஸா பின் மைமூன். குர்துபாவில் பிறந்து, எகிப்தின் புஸ்தாத்தில் குடியேறி, ஸலாஹுத்தீனின் அரசவையோடு தொடர்புகொண்ட யூத வைத்தியர், 1204இல் மறைந்தவர். உயர்குடும்பத்து இளைஞன் ஒருவன் மூல வருத்தத்தால் அவதிப்பட்டு, வெட்டி எடுத்துவிடலாமா என்ற நிலைக்கு வந்தபோது, அவனுக்காக அரபியில் ஏழு அத்தியாயங்களில் ஒரு சிறு நூல் எழுதினார். அதன் முதல் அத்தியாயம் கத்தியைப் பற்றியும் இல்லை, களிம்பைப் பற்றியும் இல்லை. சமிபாட்டைப் பற்றியது. அடுத்தவை விலக்க வேண்டிய உணவும் சேர்க்க வேண்டிய உணவும். மருந்தும் இதமான நீரில் இருத்தலும் அதற்குப் பின்னரே வருகின்றன. வெட்டுவது அவருக்கு விருப்பமில்லை. காரணம் உள்ளே இருக்கும்வரை ஒன்றை வெட்டினால் இன்னொன்று வரும் என்பது அவருடைய நியாயம்.

கரும்பித்தக் கொள்கையை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனாலும் மலச்சிக்கலை முதலில் தீர், உணவை மாற்று, கத்தியைக் கடைசிக்கு வை என்ற அவருடைய வரிசை இன்றைய வைத்தியர்களின் வரிசைதான். முடிந்ததைச் செய், முடியாவிட்டால் அடுத்த படிக்குப் போ என்ற தொழுகைச் சலுகையின் போக்கும் எனக்கு இதில் தெரிகிறது.

பிக்ஹு நூலில் ஒரு முளை

நம் அரபுக் கல்லூரிகளில் ஓதிக்கொடுக்கும் பத்ஹுல் முஈன், மலபாரைச் சேர்ந்த ஸைனுத்தீன் மக்தூம் 16ஆம் நூற்றாண்டில் எழுதியது. வுழூ முறியும் காரணங்களைச் சொல்லும்போது, வழக்கமாக வெளிவருபவற்றுக்குச் சிறுநீரையும், அரிதாக வெளிவருவதற்குப் பவாசீர் இரத்தத்தையும் உதாரணம் காட்டுகிறது. அதோடு நிற்காமல், முளை தானே வெளியே வந்தால் வுழூ முறியாது, அதிலிருந்து வரும் இரத்தம் போன்றவற்றால்தான் முறியும் என்ற கமாலுத்தீன் அர்ரத்தாதின் பத்வாவையும் எடுத்துச் சொல்கிறது.

ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். யாரோ ஒரு மனிதர் ஆலிமிடம் போய், 'ஹஸரத், தொழும்போது முளை வெளியே வருகிறது, என் வுழூ என்னாவது?' என்று கேட்டிராவிட்டால் அப்படியொரு பத்வா பிறந்திருக்காது. இரத்தம் நில்லாமல் கசிபவர் ஒவ்வொரு பர்ளுக்கும் நேரம் வந்தபின் சுத்தம் செய்து, கட்டி, வுழூச் செய்து தொழலாம் என்ற ஷாபிஈ மத்ஹபின் சட்டமும் அப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பயன்படும் பதில்தான். வெட்கம் தங்களை மார்க்கத்தைக் கேட்டறிவதிலிருந்து தடுக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆஇஷா (ரழி) புகழ்ந்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நம் மரபில் ஹயா இருந்தது. அது வாயைக் கட்டிப்போடும் ஹயாவாக இருக்கவில்லை.

லண்டனும் சிக்காகோவும்

1835இல் ஃப்ரெடரிக் சல்மன் என்பவர் லண்டனில் ஏழே ஏழு கட்டில்களோடு, கீழ்வாய் நோய்களால் வருந்தும் ஏழைகளுக்கென்று ஒரு சிறு வைத்தியசாலை திறந்தார். பின்னாளில் புகழ்பெற்ற சென்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரி அதுதான். நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸுக்கு 1841இல் பவுத்திரத்துக்குச் சத்திரசிகிச்சை செய்தவர் இதே சல்மன்.

அதே நூற்றாண்டில் ஊசி வைத்தியமும் வந்தது. 1869இல் டப்ளினில் ஜோன் மோர்கன் முளைக்குள் இரும்பு உப்பொன்றைச் செலுத்தினார். 1871இல் அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் மிட்செல் என்பவர் எண்ணெயில் கலந்த கார்போலிக் அமிலத்தை ஏற்றத் தொடங்கினார். அவர் அதை வெளியிடவில்லை. இரகசியமாகவே வைத்து மற்றவர்களுக்கு விற்றார். வாங்கியவர்கள் ஊர் ஊராகப் போய் 'மூல டொக்டர்'களாகக் காசு பார்த்தார்கள். கடைசியில் சிக்காகோவின் எட்மண்ட் அன்ட்ரூஸ் என்ற சத்திர வைத்தியர் அந்தக் கலவை எதுவென்று கண்டுபிடித்துப் பகிரங்கப்படுத்தினார்.

இந்த வியாபாரம் எதைக் கொண்டு ஓடியது? வெட்கத்தைக் கொண்டு. ஊர் வைத்தியரிடம் காட்ட வெட்கப்பட்டவர்தான், நாளைக்கு ஊரில் இருக்கமாட்டான் என்று தெரிந்த ஒருவனிடம் இருட்டோடு இருட்டாகப் போனார். நம் பஸ் நிலையச் சுவரொட்டிகளில் உள்ள 'ஒரே நாளில் குணம்' என்ற வாக்குறுதிக்கும் அதே முதல்தான். ஊசி முறை பிழையானதல்ல. தெரிந்தவர் கையில் அது இன்றும் நல்ல வைத்தியம். பிழை இரகசியத்தில் இருந்தது.

20ஆம் நூற்றாண்டில் மாற்றங்கள் வேகமாக வந்தன. 1937இல் சென்ட் மார்க்ஸில் மில்லிகனும் மோர்கனும் விவரித்த வெட்டி எடுக்கும் முறை இன்றும் உலகெங்கும் செய்யப்படுகிறது. 1963இல் அமெரிக்காவில் பாரன் என்பவர், உள்மூலத்தின் அடியில் ஒரு சிறு இறப்பர் வளையத்தை மாட்டிவிடும் எளிய கருவியை அறிமுகப்படுத்தினார். வலி தெரியும் நரம்புகள் இல்லாத மேற்பகுதியில் வளையம் விழுவதால் மயக்க மருந்து தேவையில்லை. இரத்தவோட்டம் நின்று, சில நாட்களில் முளை தானே உதிர்ந்துவிடும். ஹிப்போகிரட்டீஸ் மரபின் கம்பளி நூலும், சுஸ்ருத மரபின் கார நூலும், ஸஹ்ராவீயின் ஊசி நூலும் செய்ய நினைத்ததை இறப்பர் செய்து முடித்தது.

1998இல் இத்தாலியின் லொங்கோ, தையல் இயந்திரம் போன்ற கருவியால் முளையை மேலே இழுத்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். வலி குறைவு என்று அது வேகமாகப் பரவியது. ஆனால் எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்து பிரித்தானியாவில் நடத்திய ஒப்பீட்டின் முடிவு 2016இல் வந்தபோது, இரண்டு வருடக் கணக்கில் பழைய வெட்டும் முறையே மேலானது என்று தெரிந்தது. புதியது என்பதற்காக மட்டும் ஒன்றைத் தெரிய வேண்டியதில்லை.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது 1975இல் தொம்சன் என்பவர் சொன்னது. மூலம் என்பது வீங்கிய கெட்ட நரம்பு அல்ல. மலவாயை நன்றாக மூடிவைப்பதற்காக அல்லாஹ் எல்லோருக்கும் கொடுத்த மிருதுவான மெத்தைகள் அவை, பிறக்கும்போதே இருப்பவை. முக்கி முக்கி, அவை இடம் பெயர்ந்து கீழே சரியும்போதுதான் நோயாகின்றன. அப்படியானால் இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? முழங்கால் தேய்வதைப் போல, முதுகு பிடிப்பதைப் போல இதுவும் ஒன்று.

நம்மிடையே

எனக்கு மாமா முறையான ஒருவர் சில வருடங்களாகக் கதிரையில் இருந்து தொழுதார். கேட்டவர்களிடம் முழங்கால் வருத்தம் என்றார். மலத்தோடு இரத்தம் போவது மாமிக்கு மட்டும் தெரியும். 'சூட்டு இரத்தம், போகட்டும்' என்று சொல்லி, யாரோ கொடுத்த தூளைக் குடித்துக்கொண்டிருந்தார். டொக்டரிடம் போவோம் என்று நான் வற்புறுத்தியபோது, "ஒரு மனிசனுக்குக் காட்டுற இடமா மகன் இது?" என்று கேட்டார். உடம்பு மெலிந்து, நடக்க இயலாமல் போனபிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அது மூலமே அல்ல, மலக்குடலில் புற்றுநோய் என்றார்கள். ஆறு மாதம்கூட இருக்கவில்லை. இம்ரான் (ரழி) கேட்டுத் தந்த சலுகையில் தொழுதுகொண்டே, அவர் கேட்டதைப் போலக் கேட்காமல் போனார் மாமா. அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

கீழ்வாயால் வரும் இரத்தமெல்லாம் புற்றுநோயல்ல, பெரும்பாலும் மூலம்தான். ஆனால் எது எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. சில நிமிடப் பரிசோதனையில் முதற்கட்டம் தெரிந்துவிடும். நாற்பதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தவர்கள், மலம் கழிக்கும் வழக்கம் மாறியவர்கள், காரணமில்லாமல் மெலிபவர்கள், மலம் கறுப்பாய்ப் போகிறவர்கள் 'மூலம்தானே' என்று தாங்களே தீர்ப்புச் சொல்லக்கூடாது. தேவைப்பட்டால் கமராவை விட்டுக் குடலைப் பார்ப்பார்கள். இரத்தம் சிறிது சிறிதாய்ப் போனாலும் நாளடைவில் இரத்தச்சோகை வரும். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் பெற்ற பின்னும் இந்த வருத்தம் பெண்களுக்கு அதிகம். அவர்கள் சொல்வதோ ஆண்களைவிடக் குறைவு. பெண் வைத்தியர் வேண்டுமென்று கேட்பதில் ஒரு தவறும் இல்லை. கேட்காமல் இருப்பதில்தான் ஆபத்து.

வைத்தியம் என்று வந்தால், இன்றைய படிகள் பழைய படிகளிலிருந்து வெகுதூரம் போய்விடவில்லை. முதற்படி நார்ச்சத்தும் தண்ணீரும். சிவப்பரிசி, குரக்கன், இலைக்கறி, பப்பாசி, கொய்யா எல்லாம் நம் வீட்டுச் சாமான்கள். யூனானி வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவந்த இஸப்கோலை இன்று ஆங்கில வைத்தியர்களும் எழுதிக்கொடுக்கிறார்கள். குதிரையின் காது போன்ற விதை என்பது அந்தப் பாரசீகப் பெயரின் பொருள். முக்கக் கூடாது, வந்த மலத்தை அடக்கக் கூடாது. பாடவேளை முடியட்டும் என்று அடக்கும் ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்கிறேன். மலசலகூடத்துக்குப் போனைக் கொண்டுபோய் அரைமணித்தியாலம் குந்தியிருக்கவும் கூடாது. இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் இருப்பது வேதனையைக் குறைக்கும். மூஸா பின் மைமூனின் இளைஞனுக்கும் அதுதான். இதற்கும் கேட்காவிட்டால் இறப்பர் வளையமோ ஊசியோ. முளை வெளியே வந்து உள்ளே போகாத நிலைக்குச் சத்திரசிகிச்சை.

சுதேச வைத்தியத்தை நாடுவோருக்கும் நம் நாட்டில் முறையான வழி இருக்கிறது. 1929இல் கொழும்பில் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரி ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றையும் ஒரே கூரையின் கீழ்ப் படிப்பித்தது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இம்மூன்றையும் ஏற்றுக்கொண்டு, வைத்தியர்களைப் பதிவு செய்யும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. ஆகவே யூனானியா, ஆயுர்வேதமா, ஆங்கில வைத்தியமா என்பது முதல் கேள்வியல்ல. இவர் பதிவு பெற்றவரா, பரிசோதித்துப் பார்த்துத்தான் மருந்து தருகிறாரா என்பதே முதல் கேள்வி. பார்க்காமலே தூள் கொடுப்பவரும், ஒரே ஊசியில் தீர்ப்பேன் என்பவரும் எந்த வைத்திய மரபையும் சேர்ந்தவர்களல்ல.

நோன்பு காலத்தில் இந்த வருத்தம் கூடுவதைப் பலர் அனுபவத்தில் அறிவார்கள். பகலில் தண்ணீர் இல்லை. இப்தாருக்கு ரோல்ஸும் சமோசாவும். ஸஹருக்கு அவசரச் சோறு. கஞ்சியோடு பழமும், ஸஹரில் கீரையும், இரவில் போதுமான தண்ணீரும் இருந்தாலே பாதிப் பேருக்குச் சிகிச்சை தேவைப்படாது என்று சொல்லும் வைத்தியர்களும் இருக்கிறார்கள். ஷஃபான் மாதத்து ஜும்ஆ ஒன்றில் யாராவது ஒரு கதீப் இதைச் சொன்னால் நன்றாக இருக்கும். சங்கடமாக இருந்தால், இம்ரான் (ரழி) அவர்களின் ஹதீஸை அதன் முற்பகுதியோடு சேர்த்து வாசிக்கட்டும். கேட்டிருப்பவர்களில் யாரோ ஒருவர் அடுத்த திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போவார்.